ஜாகோவின் முகம் கொண்ட புனிதர்

கோயில் வாசற்படி ஆடுகிறது என்று கல்லைப் புரட்டியதில் பாதிரியார் பெத்தெரிக்கின் நிம்மதி போயிற்று. கல்லின் அடிப்பக்கத்தில் ஒரு பெண் செதுக்கப்பட்டிருந்தாள். தலையைச் சுற்றி ஒளிவட்டம். கையில் இதே கோயிலை, அதன் குட்டைக் கோபுரத்தோடு, பிள்ளையைப் போல ஏந்தியிருந்தாள். கோயிலுக்கு உரிய புனிதரைத்தான் அப்படிச் செதுக்குவார்கள்.

கார்ன்வாலின் இந்தக் கடலோர ஊருக்கு வந்த புதிதில், கோயில் எந்தப் புனிதருடையது என்று ‘கண்டுபிடித்தவர்’ அவர்தான். ஊர்த் திருவிழா நவம்பரில் வந்தது. தெரன் என்ற துறவியின் நாளும் நவம்பரில் வந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பலகை எழுதி மாட்டிவிட்டார். படித்தவர் சொன்னால் அப்பீல் ஏது?

அந்தக் குளிர்காலத்தில்தான் டாம்சின் நான்கரோவின் ஒரே மகன் ஜாகோ, மத்தி பிடிக்கப் போய்க் கடலோடு போனான். உடல் கிடைக்கவில்லை. அவன் நினைவாக டாம்சின் புனித தெரனுக்கு ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னல் வைத்தாள். புனிதருக்கு மகனுடைய முகத்தையே வரையச் சொன்னாள். ஞாயிறுதோறும் அதன் கீழேதான் உட்காருவாள். அவளுக்கு இருந்த கல்லறை அது ஒன்றுதான்.

இப்போது அவளிடம் போய் என்னவென்று சொல்வது? மறைக்கவும் அவருக்கு மனம் வரவில்லை. போனார். டாம்சின் குங்குமப்பூ ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

“டாம்சின், என்னால ஒரு தப்பு நடந்துபோச்சு. நம்ம கோயில் தெரனோடது இல்ல. வாசப்படிக் கல்லுக்கு அடியில செதுக்கியிருக்கிற ஒரு பொம்பளப் புனிதரோடது.”

“மோர்வெத் அம்மாவச் சொல்றீங்களா?” அவள் நிமிரவேயில்லை.

“உங்களுக்குத் தெரியுமா?”

“ஊருக்கே தெரியும் ஐயா. திருவிழா ஜூன்லதான் இருந்துச்சு. புல்லறுப்பு நேரத்துல ஆளே வர்றதில்லன்னு எங்க தாத்தா காலத்துல நவம்பருக்குத் தள்ளிட்டாங்க. நீங்க தேதியப் பாத்து ஆளப் பிடிச்சீங்க.”

பெத்தெரிக்குக்குக் காது சிவந்தது. “அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?”

“நாலு நாள் சிரிச்சுட்டுச் சொல்லலாம்னுதான் இருந்தோம். அதுக்குள்ள என் பிள்ள போயிட்டான்.” பிசைந்த கை நின்றது. “பொம்பளப் புனிதருக்கு எம்பிள்ள முகத்த எப்படி வைக்கிறது? நீங்க சொன்ன ஆளு எனக்கு வேண்டியிருந்துச்சு. நான் யாரையும் கேக்கல ஐயா. ஊரே தானா வாய மூடிக்கிச்சு.”

“அந்த அம்மா கோவிச்சுக்க மாட்டாங்களா?”

“குப்புறக் கிடந்து இத்தன காலமா எல்லாரோட மிதியையும் தாங்கினவ. எம்பிள்ளைக்கு ஒரு ஜன்னல் தரமாட்டாளா?”

பலகையை அவர் மாற்றவில்லை. கல்லை மட்டும் கழுவி, ஜன்னலுக்கு நேர் கீழே நிறுத்தினார்.

கோடையில் வந்த வெளியூர்க்காரர் ஒருவர் கல்லைக் காட்டி, “இந்தப் பெண் யாரு?” என்று அவரைக் கேட்டார்.

பெத்தெரிக் ஜன்னலைப் பார்த்தார். அதன் கீழே உட்கார்ந்திருந்த டாம்சினைப் பார்த்தார்.

“தெரனோட அம்மா” என்றார்.