பன்னெண்டாம் நம்பர் சாக்கெட்

என் வாய் இருக்கே, அது என்னைக் கேட்டுக்கிட்டுப் பேசறதே இல்ல. அன்னைக்குச் சனிக்கிழமை. காலையிலேயே வந்த என் கொழுந்தன், "அண்ணி, பிரேக் இப்படிக் கீச்சு கீச்சுன்னு கத்துது. இதை வச்சு மேய்க்க உங்களால முடியாது. பேசாம வண்டியை எனக்கே குடுத்துடுங்க"ன்னான். "சாயங்காலம் நாலு மணிக்குள்ள நானே என் கையால பிரேக் பேட் மாத்தறேன்டா. மாத்தலைன்னா சாவியை எடுத்துக்கிட்டுப் போ"ன்னுட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன்.

கொழுந்தனுக்கு எங்க வீட்ல முந்திரிக்கொட்டைன்னு பேரு. எதுலயும் முதல் ஆளா வந்து நிப்பான். "நாலுன்னா நாலுதான். அண்ணா, நீதான் சாட்சி"ன்னு என் வீட்டுக்காரரை இழுத்துவிட்டுட்டு, சோபாவுல காலை நீட்டிப் படுத்துட்டான்.

அது என் வண்டி. ஊருக்கெல்லாம் சட்டையும் கவுனும் தைச்சு நான் வாங்கின பழைய கார். அதுக்கு முன்னாடி, தைச்ச துணியைக் கொண்டுபோய்க் குடுக்கணும்னாகூட "கொஞ்சம் கூட்டிட்டுப் போறீங்களா"ன்னு யார் மூஞ்சியையாவது பாத்துக்கிட்டு நிக்கணும். போன இடத்துல பத்து நிமிஷம் கூட ஆச்சுன்னா வாசல்ல ஹாரன் கேக்கும். மறுபடியும் அப்படி நிக்கறதை நெனச்சா எனக்கு அழுகையும் வந்துச்சு, கோவமும் வந்துச்சு.

என் வீட்டுக்காரர் தங்கமான மனுஷன். ஆனா சாமான் வாங்கத் தெரியாது. 'இருநூத்திப் பதினாறு உருப்படி'ன்னு அட்டையில கொட்டை எழுத்துல போட்டிருந்ததைப் பாத்து மயங்கி ஒரு டூல்ஸ் பெட்டி வாங்கி வச்சிருந்தார். அதுல பாதி எதுக்குன்னு அவருக்கும் தெரியாது, செஞ்சவனுக்கும் தெரிஞ்சிருக்காது. பளபளன்னு மட்டும் இருக்கும். "எல்லாமே இதுல இருக்கும்மா"ன்னு ரெண்டு கையாலயும் தூக்கிட்டு வந்து என் பக்கத்துல வச்சார்.

ஜாக் வச்சுத் தூக்கி, அடியில ஸ்டாண்டு குடுத்து, சக்கரத்தைக் கழட்டிட்டேன். அதுவரைக்கும் எனக்கு நான் மகாராணி. அடுத்து, பேடைப் புடிச்சிருக்கற இரும்புக் கவ்வி. கீழ் போல்ட்டைக் கழட்டினா அதை மேல தூக்கிடலாம். பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனரை வச்சேன். இறுக்கிப் புடிச்சுக்கிச்சு. அதையே வச்சுத் திருப்பியிருக்கணும். பதினெட்டு வருஷமாத் தைக்கற கை சும்மா இருக்குமா? உடம்பளவுக்கே வெட்டினா சட்டையை மாட்ட முடியாது, கொஞ்சம் லூஸ் விட்டுத்தான் வெட்டணும். மாட்டறதே இவ்வளவு சிரமம்னா கழட்டறப்போ சிக்கிக்குமேன்னு, புத்திசாலி நான், பதிமூணை எடுத்தேன். அது சுகமா உள்ள போச்சு. ஒரு அழுத்து அழுத்தினேன். வழுக்கி, போல்ட்டோட மூலையைச் சீவிக்கிட்டு வந்துச்சு. பதறிப்போய் மறுபடி பன்னெண்டை மாட்டி முழு பலத்தையும் குடுத்தேன். இந்தத் தடவை ஸ்பேனர் வாயைப் பொளந்துடுச்சு. மணி ஒண்ணு.

"என்ன அண்ணி, முடிஞ்சுதா?"ன்னு உள்ளேருந்து சத்தம். "உன் வேலையைப் பாருடா"ன்னேன்.

பேட் வாங்கின கடையில அதோட புது போல்ட்டும் குடுத்திருந்தாங்க. துணிக்கு நூல் எடுக்கப் போறப்போ ஒரு துண்டு வெட்டிக் கையில வச்சுக்குவோம் இல்லையா, அந்த மாதிரி ஒரு போல்ட்டை உள்ளங்கையில பொத்திக்கிட்டு, கை நிறைய கிரீஸோட ரெண்டு தெரு தள்ளி இருக்கற டூல்ஸ் கடைக்கு ஓடினேன்.

கடைக்காரம்மா கண்ணாடியைத் தலையில ஏத்தி வச்சுக்கிட்டு அதையே தேடிக்கிட்டிருந்தாங்க. நான் போல்ட்டை மேசை மேல வச்சு, "இதுக்குத் தொப்பியாட்டம் மாட்டித் திருகற சாக்கெட் ஒண்ணு வேணும். கொஞ்சம் லூஸாவே குடுங்க"ன்னேன்.

அந்தம்மா என்னை மேலேருந்து கீழ வரைக்கும் பாத்தாங்க. "ஏம்மா, போல்ட்டுக்கு என்ன வயிறா இருக்கு, சாப்பிட்டா உப்பறதுக்கு?"

அடக் கடவுளே! எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. காலையிலேருந்து நான் பண்ணின கூத்தைச் சொன்னேன். அந்தம்மா மேசையைத் தட்டித் தட்டிச் சிரிச்சாங்க. "எவ்வளவு ஒட்டி உக்காருதோ அவ்வளவு நல்லது. நீயே பாத்து எடு"ன்னு பன்னெண்டாம் நம்பர்லயே மூணு சாக்கெட்டைத் தள்ளிவிட்டாங்க.

ஒவ்வொண்ணுலயும் போல்ட்டைப் போட்டுக் காதுகிட்ட வச்சு ஆட்டினேன். முதல் சாக்கெட் கலகலன்னு கொட்டுச்சு. தள்ளி வச்சேன். ரெண்டாவதுக்கு உள்ள பன்னெண்டு மூலை. போல்ட்டோட நுனியை மட்டும்தான் தொட்டுச்சு. நான் ஏற்கெனவே சீவி வச்ச நுனியை அது எங்க புடிக்கப் போகுது? மூணாவதுக்கு ஆறே மூலை. போல்ட்டோட பக்கத்தையே அணைச்சுக்கிச்சு. ஆட்டிப் பாத்தேன், மூச்சுக் காட்டல. சாக்கெட்டைத் திருப்பற ராட்செட் கைப்பிடியும் அப்படித்தான் பாத்து எடுத்தேன். ஒண்ணு கால் சுத்து போனாத்தான் அடுத்த பல்லைப் புடிச்சுது. சக்கரத்துக்குள்ள அவ்வளவு இடம் ஏது? இன்னொண்ணு பொடிப் பல்லு, விரலை அசைச்சாலே போதும், கிர்ர்ருன்னு ஓடுச்சு. கூடவே முரண்டு புடிக்கற போல்ட்டை அசைக்க நீளக் கம்பி ஒண்ணு, துருவை இளக்கற எண்ணெய் ஒண்ணு. மொத்தமே நாலு உருப்படி. கடையிலேருந்து இறங்கறப்போ எனக்குக் கால் தரையில பாவல.

வீட்டுக்கு வந்தா, முந்திரிக்கொட்டை வண்டிக்குள்ள ஏறி, ஸ்டீரிங்கைப் புடிச்சு உக்காந்திருக்கான்.

"ஜாக்குல நிக்கற வண்டிக்குள்ள ஏறுவியா? இறங்குடா கீழ!" நான் போட்ட சத்தத்துல அவன் ஒரு செருப்பை உள்ளேயே விட்டுட்டு இறங்கினான்.

எண்ணெயை அடிச்சு ஊற விட்டேன். மணி மூணு. சாக்கெட்டைச் சுத்தியலால தட்டி ஏத்திக் கம்பியை மாட்டினேன். இதுவும் வழுக்கிச்சுன்னா அவ்வளவுதான், வண்டி போச்சு. மறுபடி கூட்டிட்டுப் போக ஆள் தேடணும். கண்ணை மூடிக்கிட்டு இழுத்தேன்.

டக்!

ஐயோ, அந்தச் சத்தம்! "வந்துடுச்சு! வந்துடுச்சு!"ன்னு நான் கத்தின கத்துல எதிர்வீட்டு ஜன்னல் திறந்துச்சு. என் வீட்டுக்காரர் என்னன்னே தெரியாம கை தட்டினார். நான் கிரீஸ் கையோட அவரைக் கட்டிப் புடிச்சு ஒரு சுத்து சுத்தினேன். அவர் வெள்ளைச் சட்டை அன்னையோட சரி.

அப்புறம் வேலை ஓடின ஓட்டத்தைக் கேக்காதீங்க. கவ்விக்குள்ள இருக்கற பிஸ்டனை உள்ள தள்ளி, புதுப் பேடை உக்கார வச்சு, புது போல்ட்டை ராட்செட்டால கிர்ர் கிர்ர்ருன்னு முறுக்கினேன். எனக்கு நானே சிரிச்சுக்கிட்டேன். அடுத்த பக்கம் இருபதே நிமிஷம். சக்கரத்தை மாட்டி வண்டியை இறக்கி, பெடலை மிதிச்சு மிதிச்சு, கல்லாட்டம் கெட்டியாகற வரைக்கும் பாத்தேன். நாலு ஆக அஞ்சு நிமிஷம்.

"ஓட்டிக் காட்டுங்க, அப்பத்தான் ஒத்துக்குவேன்"னு முந்திரிக்கொட்டை பக்கத்து சீட்டுல ஏறிக்கிட்டான். தெருவுல மெதுவா உருட்டி மிதிச்சேன். சத்தமே இல்லாம நின்னுச்சு. இன்னும் கொஞ்சம் வேகமாப் போய் மிதிச்சேன். நச்சுன்னு நின்னுச்சு. அவன் ரெண்டு கையாலயும் முன்னாடி புடிச்சுக்கிட்டான்.

"தோத்துட்டேன் அண்ணி. இறங்கிக்கட்டுமா?"

"பெல்ட்டைப் போடு."

தெருமுனை வந்துச்சு. திரும்பிடுவேன்னு நெனச்சான். நான் பெரிய ரோட்ல ஏத்தினேன்.

"எங்க அண்ணி போறோம்? எப்ப வருவோம்?"

கல்யாணமான நாள்லேருந்து வாசப்படி தாண்டறப்போ எல்லாம் இந்த ரெண்டு கேள்விக்கும் நான் பதில் தயாரா வச்சிருந்திருக்கேன்.

"தெரியாதுடா"ன்னேன். அதைச் சொல்றப்போ எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு.