டாக்டர் பார்க்காத கை

எங்கள் கிளினிக்கில் டாக்டர் யோம் வியாதி பார்க்க மாட்டார். அழகு மட்டும்தான் பார்ப்பார். சொறி, படை, அரிப்பு என்று யாராவது வந்தால் வரவேற்பிலேயே சிரித்த முகமாகத் திருப்பி அனுப்பிவிடுவோம். சியோலில் எங்கள் தெருவில் மாடிக்கு மாடி இருக்கும் கிளினிக்குகளில் பாதி இந்த ரகம்தான். பெயர்ப் பலகையில் மட்டும் தோல் மருத்துவம் என்று கொட்டை எழுத்தில் இருக்கும்.

நான் அங்கே ஆலோசனை மேனேஜர். வருகிறவர்களை டாக்டர் இரண்டு நிமிடம் பார்ப்பார். மிச்சத்தை நான் கண்ணாடி அறையில் உட்கார்ந்து பேசி முடிப்பேன். லேசர் வேண்டாம் என்பவர் தலையில் டாக்டர் படம் போட்ட க்ரீம் டப்பாவையாவது கட்டிவிட வேண்டும். ஒரு டப்பா ஒரு லட்சத்து எண்பதாயிரம் வோன். வாய் கூசாமல் விற்பேன்.

டப்பாவின் அடியில் பொடி எழுத்தில் அதைத் தயாரித்த தொழிற்சாலையின் பெயர் இருக்கும். மலிவுச் சாமான் கடையில் ஐயாயிரம் வோனுக்குத் தொங்குகிற ட்யூபிலும் அதே பெயர்தான். உள்ளே என்னென்ன போட்டிருக்கிறது என்ற பட்டியலிலும் முதல் பத்துப் பதினைந்து பெயர் அச்சு மாறாமல் ஒன்று. இரண்டும் ஒன்றேதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் வீட்டில் நான் போட்டுக்கொள்வது ட்யூபைத்தான்.

குளிர்காலத் தொடக்கத்தில் ஒக்புன் அக்கா வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பொதுக் குளியல் கூடத்தில் பெண்களுக்கு அழுக்குத் தேய்த்துவிடும் வேலை. கையைக் காட்ட வந்திருக்கிறேன் என்றதுமே வரவேற்பில் இருந்த பெண் வழக்கம்போல அனுப்பிவிடப் பார்த்தாள். நான்தான் எழுந்து போய், "வாங்க அக்கா, உள்ள வாங்க" என்றேன்.

கண்ணாடி அறையில் கையுறையைக் கழற்றினார். விரல் இடுக்கெல்லாம் சிவந்து, வெடித்து, நீர் கசிந்துகொண்டிருந்தது.

"சப்வேல உங்க டாக்டர் படம் பார்த்தேன் மேடம். நல்ல மனுசனாத் தெரிஞ்சாரு. நேத்து ஒருத்தி அழுக்குத் தேச்சுக்க மேசையில படுத்தவ, என் கையைப் பார்த்துட்டு, தொத்திக்குமான்னு கேட்டு எந்திரிச்சுப் போயிட்டா. இன்னும் நாலு பேரு அப்படிப் போனா முதலாளியம்மா வேற ஆளை வெச்சுருவா. எனக்கு வேற வேலை தெரியாது."

சந்தைப் பக்கம் இருக்கும் சாதாரணத் தோல் டாக்டர் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் காசில் களிம்பு எழுதிக் கொடுத்திருப்பார். எனக்கு அது நன்றாகவே தெரியும்.

"டாக்டரை ஒரு தடவை பார்த்துடலாமா மேடம்?"

"டாக்டரே ராப்பகலா உக்காந்து செஞ்ச க்ரீம் இருக்கு. அப்புறம் டாக்டர் எதுக்கு அக்கா?"

அவர் சிரித்துவிட்டார். அந்த வாரம் ஒரு டப்பா வாங்கினார். குளிர்காலம் முடிவதற்குள் இன்னும் இரண்டு வாங்கிவிட்டார்.

போன வாரம் நான் குடியிருக்கும் கட்டடத்தில் வெந்நீர் பாய்லர் கெட்டுப்போனது. விடுமுறை நாள்தானே என்று, இரண்டு நிறுத்தம் தள்ளி நான் போயே இராத ஒரு குளியல் கூடத்துக்குப் போனேன். வெந்நீரில் ஊறிவிட்டு, என் வரிசை எண்ணைக் கூப்பிட்டதும் தேய்ப்பு மேசையில் குப்புறப் படுத்தேன். ஒரு வாளித் தண்ணீர் முதுகில் விழுந்தது.

"அட, மேனேஜர் மேடமா!"

எழுந்து ஓடலாம் என்றால் உடம்பில் பொட்டுத் துணி இல்லை. ஒக்புன் அக்கா தேய்ப்பவர்கள் வழக்கமாகப் போடும் கறுப்பு உள்ளாடையோடு, ரப்பர் கையுறைக்கு மேல் சொரசொரப்பான தேய்ப்புத் துணியை மாட்டிக்கொண்டு நின்றார்.

"படுங்க படுங்க. உங்களுக்கு நல்லாத் தேச்சு விடறேன். இதுல என்ன வெக்கம், நான் பார்க்காத முதுகா?"

தேய்த்தார். என் உடம்பிலிருந்து அழுக்கு திரி திரியாக உருண்டது. முகத்தை மேசையோடு அழுத்திக்கொண்டு, "கை எப்படி இருக்கு அக்கா?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தேவலை" என்றார். தேய்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தப்பு எம்மேலதான் மேடம். உங்ககிட்ட சொன்னா திட்டுவீங்க. நடுவுல ஒரு வாரம் க்ரீம் தீந்து போச்சு. கையில காசில்ல. மலிவுக் கடையில அஞ்சாயிரத்துக்கு ஒரு ட்யூப் வாங்கிப் பூசிட்டேன். அதுலதான் கெட்டுப் போச்சு போல. டாக்டர் அவ்வளவு கஷ்டப்பட்டுச் செஞ்சதை நான் பாழ் பண்ணிட்டேன்."

சொல்லிவிட்டு என் விலாவில் இரண்டு தட்டுத் தட்டினார். திரும்பிப் படு என்று அர்த்தம். மல்லாந்து படுத்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

உடை மாற்றும் அறையில் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது அவரும் வந்தார். கண்ணாடிக்கு முன்னால் என் ட்யூப் இருந்தது. அதை எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். அவரோ அதைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, யார் காதிலும் விழாமல் கேட்டார்.

"விக்கிற உங்களுக்கே கட்டுப்படி ஆகலையா? உங்க டாக்டர் ஒரு டப்பாகூட சும்மா தர மாட்டாரா? கஞ்சப்பய!"

தன் அலமாரியைத் திறந்து டாக்டர் டப்பாவை எடுத்துவந்தார். அடியில் கொஞ்சம்தான் இருந்தது. விரலால் வழித்து, "திரும்புங்க" என்று என் முதுகில் பூச ஆரம்பித்தார். கையுறை இல்லாத கை. ஆறவே இல்லை. வெடிப்புகள் என் தோலில் சொரசொரவென்று உரசின.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, நீங்க டாக்டர்கிட்ட போங்க."

"இதென்ன, உங்க டாக்டர் க்ரீம்தானே இது?"

"எங்க டாக்டர் உங்க கையைப் பார்க்கல. வந்தாலும் பார்க்க மாட்டார். அவர் வியாதியே பார்க்கிறதில்ல. சந்தைப் பக்கம் ஒரு தோல் டாக்டர் இருக்கார். களிம்பு தருவார், காசும் கம்மி. இந்த டப்பாவும் அந்த ட்யூபும் ஒரே இடத்துல செய்யறதுதான். உங்க கை கெட்டது உங்களால இல்ல அக்கா."

முதுகில் கை நின்றது.

"இது உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

அவர் கத்தவில்லை. கத்துவார் என்றுதான் நான் எதிர்பார்த்து நின்றேன். விரலில் மிச்சமிருந்ததைத் துண்டில் துடைத்துக்கொண்டு, டப்பாவை மூடினார்.

"எங்க மேசையில படுக்கிறவங்க உடம்புல கட்டி கிட்டி கையில தட்டுப்பட்டா நாங்க சொல்லிடுவோம் மேடம். ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொல்லிடுவோம். தேய்க்கத்தான் எங்களுக்குக் காசு. ஆனா சொல்லிடுவோம்."

உள்ளேயிருந்து அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள். ஒக்புன் அக்கா சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, யாரும் பார்ப்பதற்குள் கையுறையை மாட்டிக்கொண்டு போனார். என் முதுகில் பாதிக்குத்தான் பூசியிருந்தார். அதைத் துடைக்கவும் மனம் வராமல், அதன் மேலேயே சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.