பட்டியலில் ஏறிய பைனாகுலர்

செல்லோப் பெட்டிக்குள் ஓர் ஆள் குந்தியிருப்பதை விமான நிலைய எக்ஸ்ரே திரை முதன்முதலாகக் காட்டியது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே காலுக்கு. திரைக்கு முன் உட்கார்ந்திருந்த சுங்க அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். செல்லோ என்பது ஏழு வயதுப் பிள்ளை உயரத்தில் ஒரு வயலின் என்று வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிப்பார்கள். அதன் இடுப்புப் பக்கம் இருந்த கொஞ்ச இடத்தில் ஒருவர் காலைக் கட்டிக்கொண்டு, பலகையில் காதை ஒட்டவைத்து உட்கார்ந்திருந்தார். பெட்டியைத் திறந்தால் செல்லோ, வில், வில்லில் தேய்க்கிற பிசின் கட்டி, ஒரு மஞ்சள் துணி, அவ்வளவுதான். மூடி உள்ளே அனுப்பினால் மறுபடி ஆள். மூன்று தடவை இப்படிச் செய்துவிட்டு அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். திறந்தால் இல்லாமலும் மூடினால் இருந்தும் தொலைக்கிற ஆளைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லாததால் ஆளை விட்டுவிட்டார். ஆனால் ஆளின் கழுத்தில் ஒரு பைனாகுலர் தொங்கியது. ஆள் ஆரஞ்சு நிறத்தில் கலங்கலாகத் தெரிந்தாலும் பைனாகுலர் நீலத்தில் பளிச்சென்று தெரிந்தது. அதற்கு விதி இருந்தது. வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிற இசைக்கருவிகளையும் பொழுதுபோக்குச் சாமான்களையும் பட்டியலில் எழுத வேண்டும். எழுதியதெல்லாம் திரும்பி வர வேண்டும்.

செல்லோக்காரியைக் கூப்பிட்டார்கள். "ஏம்மா, பைனாகுலரை எழுதாம விட்டுட்டீங்களே?" என்று அதிகாரி திரையைக் காட்டினார். பைனாகுலரின் வார் அறுந்த இடத்தை ஒரு சாவி வளையம் இணைத்திருந்தது. அந்த வளையத்தை மாட்டிக்கொடுத்தவளே அவள்தான். வீட்டில் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்க வேண்டிய பொருள் அது. அவள் திரையைப் பார்த்தாள், பேனாவைக் கேட்டு வாங்கினாள், 'பைனாகுலர் ஒன்று, பழையது' என்று எழுதிவிட்டு விமானம் ஏறினாள்.

அவள் புருஷன் சர்வேயர். தன் நிழலைக்கூட அளந்து பார்த்துத்தான் நம்புவார் என்று தெருவில் அவரைப் பற்றிச் சொல்வார்கள். அரை கிலோ சர்க்கரை வாங்கினால் வீட்டுத் தராசில் மறுபடி நிறுப்பார். பக்கத்து வீட்டு நாய் இரண்டு நாள் குரைக்காமல் இருந்தால் அதற்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று விசாரிப்பார். மொட்டை மாடியில் நின்று பறவை பார்ப்பது பொழுதுபோக்கு. பறவைகளையும் அவர் சும்மா பார்க்கவில்லை, ஒரு மைனா தினமும் வேறு வேறு ஜோடியோடு வருகிறது என்று நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தார். மனைவி மேல் பிரியம் இல்லை என்று சொன்னால் பாவம். பிரியம் நிறைய இருந்தது, நம்பிக்கைதான் இல்லை. அவள் இசைக்குழுவோடு வெளிநாடு போகிற நாட்களில் அவருக்குச் சோறு இறங்காது. பால் போடுகிறவர் எதிரே நின்று பேசினாலும் பதில் மூடிய பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல அமுங்கி வரும்.

அவள் திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் விசாரணை தொடங்கிவிடும். "மூணாம் நாள் லிஃப்ட்டுல அந்த நெட்டையனோட என்ன சிரிப்பு?" நெட்டையன் முரசு வாசிக்கிறவர், லிஃப்ட் கதவில் அவர் ஷூ மாட்டிக்கொண்டதற்கு எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். சர்வேயர் ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை, அதுதான் கொடுமை. அதைத் தன் மூளையின் கூர்மை என்றே அவர் நினைத்திருந்தார். ஆனால் செல்லோ பக்கத்தில் இல்லாதபோது நடந்த எதுவும் அவருக்குத் தெரிவதில்லை என்பதை நாலாவது பயணத்தில் அவள் கண்டுபிடித்தாள். அதன்பின் சிரிக்க வேண்டுமென்றால் செல்லோவை அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். செல்லோவோ நாளுக்கு நாள் கனத்தது. அதன் தடித்த கம்பி மெதுவாக இழுத்தால் 'யாரு?' என்றும் அழுத்தி இழுத்தால் 'யாரது?' என்றும் கேட்கத் தொடங்கியது. வெளிநாட்டுக்காரர்கள் மொழி புரியாமல் அதைத் தனிப் பாணி என்று கைதட்டினார்கள். இரண்டு பத்திரிகைகள் பாராட்டியும் எழுதின.

ஏழாம் வருஷம் சர்வேயர் அவள் கைப்பையைக் குடைந்தபோது அந்தப் பட்டியல் கையில் அகப்பட்டது. செல்லோ ஒன்று, வில் ஒன்று, பைனாகுலர் ஒன்று. கதவுக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். தன்னுடையது ஆணியில் தொங்கியது. அப்படியானால் இது எவனுடையது? அன்றிலிருந்து கண்கொத்திப் பாம்பாக அலைந்தார். நாடா வைத்துப் பெட்டியை உள்ளும் புறமும் அளந்தார். அடுத்த பயணத்துக்கு முன் அவளுக்குத் தெரியாமல் பெட்டியின் அடியில் பவுடர் தூவினார். அவள் திரும்பி வந்ததும் திறந்து பார்த்தால் பவுடரில் இரண்டு பாதங்கள் பதிந்திருந்தன, எட்டாம் நம்பர். அவர் காலும் எட்டுதான். ஆனால் உலகத்தில் எட்டாம் நம்பர் செருப்பை அவர் ஒருவருக்காகவா செய்கிறார்கள்?

"யாருடி அவன்?"

"உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஆளுதான்."

அதோடு இரண்டு மாதம் அவர் தனக்குத் தெரிந்த எவர் வீட்டுக்கும் போகவில்லை.

அப்போதுதான் ஒரு வருஷத்துக்கு வந்து வாசிக்கும்படி வெளிநாட்டிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. வருஷக்கணக்கில் போவதற்குப் படிவம் வேறு. அதில் இரண்டு கட்டங்கள் இருந்தன, 'தற்காலிகம்' என்றும் 'நிரந்தரம்' என்றும். அவளுக்கு அலுத்துப்போயிருந்தது, மனதுக்குள் கை இரண்டாவது கட்டத்தின் பக்கம் போய்க்கொண்டிருந்தது. கிளம்புவதற்கு முதல் நாள் அந்தச் சுங்க அதிகாரியிடம் போய், செல்லோ போகட்டும், பைனாகுலரை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிட முடியுமா என்று கேட்டாள். "ஏறினது ஏறினதுதாம்மா. எடுக்கணும்னா சொந்தக்காரர் நேர்ல வந்து, திரையில பாத்து, 'என்னுடையது'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும்" என்றார் அவர். அவள் வீட்டுக்கு வந்து, "பைனாகுலர்காரரைப் பாக்கணும்னா நாளைக்கு ஏர்போர்ட்டுக்கு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறவர் ஆகையால் சர்வேயர் சவரம் செய்துகொண்டு, பாக்கெட்டில் அளவு நாடாவோடு வந்தார். பெட்டி உள்ளே போயிற்று. திரையில் முதுகைக் காட்டிக்கொண்டு ஆள் குந்தியிருந்தான். "பாரு, என்ன தைரியமா உக்காந்திருக்கான்!" என்று கத்தினார். திரையில் இருந்தவன் இடது காதைச் சொறிந்தான். சர்வேயரின் விரலும் அதே நேரம் இடது காதில் இருந்தது. பிறகு அவன் திரும்பினான். சாவி வளையத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. சர்வேயருக்குக் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை, அழுகைதான் வந்தது. அவ்வளவு சின்ன இடத்தில் ஒரு மனிதன் உட்காரக் கூடாது.

"ஏழு வருஷமா உங்களைத் தூக்கிக்கிட்டுதாங்க அலையறேன்" என்றாள் அவள். "தோளு விட்டுப்போச்சு."

அதிகாரி படிவத்தை நகர்த்தினார். எழுதினால் ஏழு வருஷமும் அவன் நான்தான் என்று ஆகிவிடும். எழுதாவிட்டால் அவள் அவனையும் தூக்கிக்கொண்டே போவாள், திரும்பவும் மாட்டாள். காலியாக இருந்த இரண்டு கட்டங்களையும் அவர் பார்த்துவிட்டார். பின்னால் தூண்டில் கம்புகளோடு நின்றவர், "சார், கொஞ்சம் சீக்கிரம், எங்க ஃப்ளைட் போயிடும்" என்றார். சர்வேயர் 'என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். திரையில் இருந்தவன் முழங்கால்களை விட்டுவிட்டு, சிரமப்பட்டு எழுந்து, இடது ஓரமாக நடந்து திரையை விட்டுப் போனான். பெல்ட்டின் மறுமுனையில் யாரும் வெளியே வரவில்லை. சர்வேயரின் கால்கள்தான் மடங்கின. அதிகாரி தன் நாற்காலியைக் கொடுத்தார். அவள் பேனாவை எடுத்து, மை வருகிறதா என்று ஓரத்தில் கிறுக்கிப் பார்த்துவிட்டு, 'தற்காலிகம்' என்ற கட்டத்தில் குறி போட்டாள்.

அந்த வருஷம் வெளிநாட்டுப் பத்திரிகைகள் அவளுடைய தனிப் பாணி போய்விட்டதாகக் குறைப்பட்டு எழுதின. சர்வேயரின் முழங்கால்களை அமுக்கிப் பார்த்த டாக்டர், இடுக்கான இடத்தில் ரொம்பக் காலம் உட்கார்ந்தவர்களுக்கு வருவதுதான் இது என்று சொல்லி, எத்தனை வருஷம் என்று கேட்டு, ஏழு என்று எழுதிக்கொண்டு தைலம் கொடுத்தார். மொட்டை மாடிக்கு வந்தது ஒரே மைனா இல்லை, நாலு மைனாக்கள் என்பதும் அந்த வருஷம்தான் அவருக்குத் தெரிந்தது. பழைய பக்கங்களை அடித்துத் திருத்தி வைத்தார்.

அவள் திரும்பி வந்த அன்று திரையில் செல்லோ, வில், பிசின், துணி இருந்தன. பெட்டியின் மூலையில் கடுகளவு ஆரஞ்சுப் புள்ளி ஒன்று குந்தியிருந்தது. அதிகாரி விதிப் புத்தகத்தைப் பார்த்தார். அவ்வளவு சிறியதைப் பட்டியலில் காட்டத் தேவையில்லை என்பதால் அனுப்பிவிட்டார். வெளியே சர்வேயர் கைத்தடியோடு நின்றிருந்தார். லிஃப்ட்டில் யார், விருந்தில் யார், இந்தத் தடவை அவருக்கு ஒன்றும் தெரியாது. டாக்சி கிளம்பியதும், "அங்க என்னல்லாம் நடந்துச்சு?" என்று கேட்டார். அப்படி அவர் கேட்டது அதுவே முதல் தடவை. வீடு வந்து சேரும்வரை அவள் சொல்லிக்கொண்டே வந்தாள், சிரித்த இடங்களையும் விடாமல்.