ஐஸ்கிரீம் டப்பாவில் பயறு

கல்லறை மண் ஒட்டிய கையைக்கூடக் கழுவாமல் தம்பி வால்திர் ஃப்ரீசரைத் திறந்து ஒரு ஐஸ்கிரீம் டப்பாவை உருவியதைப் பார்த்ததும் ஜுரேமாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அம்மாவைப் புதைத்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தார்கள். மூடியைத் திறந்தவன் லேசாகச் சிரித்தான். உள்ளே பயற்றுக் குழம்பு கல்லாக உறைந்து கிடந்தது. இந்த ரெசிஃபி ஊரில் எந்த வீட்டு ஐஸ்கிரீம் டப்பாவில் ஐஸ்கிரீம் இருந்திருக்கிறது? சாவோ பாவ்லோ பட்டணம் போனதும் துரைக்கு அதுவும் மறந்துவிட்டது போல.

அந்த டப்பாக்கள் மேல் ஜுரேமாவுக்குப் பழைய பகை உண்டு. வேண்டாம் இந்த பிளாஸ்டிக் என்று அம்மாவுக்கு மூடி போட்ட கண்ணாடிப் பெட்டிகள் வாங்கித் தந்தாள். கறை பிடிக்காது, வாடை தங்காது என்று எடுத்துச் சொன்னாள். அம்மா சுல்மிரா வழக்கம்போல விளிம்பு வரை ஊற்றி உறைய வைத்தாள். குழம்பு உப்பி, முதல் பெட்டியே விரிசல் விட்டது. மேலே ஒரு விரற்கடை இடம் விட வேண்டும் என்று மகள் கத்தினாள்.

"காத்தை அடைச்சு வைக்கவா பெட்டி? கொறைச்சு வைக்கிற கை என் கையில்லடி" என்றாள் சுல்மிரா.

அதற்குப் பிறகு அந்தப் பெட்டிகள் கண்ணில் படவில்லை. எவளுக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டாள் என்று ஜுரேமா பொருமிக்கொண்டே இருந்தாள்.

ஜூன் திருவிழாவுக்கு வருகிறேன் என்று வால்திர் சொன்னதை நம்பி, மூச்சு வாங்க அடுப்படியில் நின்று உப்புக்கண்டம் போட்டுக் குழம்பு வைத்தாள் சுல்மிரா. உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. விருந்துக்கு வராத மகன் சாவுக்கு வந்தான். வந்தவன் இப்போது பக்கத்து வீட்டில் தெர்மாகோல் பெட்டி கேட்டு வாங்கி வந்து நின்றான்.

"அக்கா, இதெல்லாம் நான் எடுத்துட்டுப் போறேன். எனக்குன்னுதான் பண்ணி வச்சிருக்கேன்னு அம்மா போன்ல சொன்னாங்க."

"சொல்லுவா. நீ வருவேன்னு நின்னு நின்னேதான் செத்தா. கொண்டுபோய் வயிறு முட்டத் தின்னு."

அவன் தெர்மாகோல் பெட்டியைக் கீழே வைத்தான். கண் சிவந்திருந்தது. அதற்காக அவளுக்கு இரக்கம் வந்துவிடவில்லை. அவளே டப்பாக்களை எடுத்து தெர்மாகோல் பெட்டிக்குள் தொம் தொம்மென்று போட்டாள். எல்லாம் விளிம்பு வரை நிறைந்தவை. ஒன்றிலும் மூடி சரியாக உட்காரவில்லை.

முன்வரிசை காலியானதும் அவள் கை நின்றது. பின்னால் கண்ணாடிப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவற்றிலும் பயறுதான். ஒவ்வொன்றிலும் மேலே ஒரு விரற்கடை இடம் விட்டிருந்தது.

அம்மா ஒரு வார்த்தை சொன்னாளா? சொல்ல மாட்டாள். மகளிடம் தோற்றதாகிவிடுமே. கோபம் இப்போது தம்பியை விட்டுவிட்டு, சண்டைக்கு ஆளில்லாத இடத்துக்குப் போய் நின்றது.

"அது என்னக்கா?" என்றான் வால்திர்.

"அது உனக்கில்ல."

அவன் கிளம்பிப் போன பிறகு, ஒரு பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவசரப்பட்டு வெந்நீர் ஊற்றினால் கண்ணாடி வெடிக்கும்; தானாகத்தான் உருக வேண்டும். தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. கறுப்பு உடையை மாற்றாமல், கரண்டியைக் கையில் பிடித்தபடி ஜுரேமா பெட்டியின் எதிரே உட்கார்ந்திருந்தாள்.