எதிர்க் கொட்டகைப் பெண்கள்

விடியும் முன்பே எங்களைக் கொட்டகைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். மெல்போர்னின் ஜூலைக் குளிர்; ஆஸ்திரேலியாவில் அதுதான் குளிர்காலம். கணப்பு மூட்டவில்லை, ரசிகர்கள் வரும் நேரத்துக்குத்தான் நிலக்கரி என்பது முதலாளியின் சட்டம். காலுறைமேல் காலுறை மாட்டி, சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்கி நிமிர்த்தி, மடக்கி நிமிர்த்தி உடம்பில் சூடு ஏற்றினோம். மூச்சு புகையாய் வந்தது. முந்தின நாள் இரண்டு காட்சி ஆடியதில் கால்விரல் கொப்புளங்கள் உடைந்து பட்டுச் செருப்போடு ஒட்டிக் காய்ந்திருந்தன. அதைப் பிய்க்கும்போது யாரும் கத்தவில்லை. பழகிவிட்டது.

ஹிட்லர் வியன்னாவுக்குள் நுழைந்த வருடம் அது. நாங்கள் பெரும்பாலும் பாரிஸில் வளர்ந்த ரஷ்ய அகதிகளின் பெண்கள். ஒன்றாக இருந்த நடனக் கம்பெனி, முதலாளிகளின் சண்டையில் இரண்டாக உடைந்தது. நடனங்களைப் பங்கு போட்டார்கள், திரைகளைப் பங்கு போட்டார்கள், எங்களையும் பங்கு போட்டார்கள். இப்போது உலகத்தின் இந்தக் கோடியில், தெருவுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். இரண்டு வாசலிலும் 'அசல் ரஷ்ய பாலே' என்றுதான் விளம்பரம். அவர்களோடு பேசினால் வேலை போய்விடும்.

எங்கள் முதலாளி வலேரியன் பெத்ரோவிச் ரோமக் கோட்டோடு வந்து நின்றார்.

"எதிர்ல சனிக்கிழமை 'வேட்டைக்காரியின் கனவு' போடுறாங்களாம். நாம இன்னைக்கு மதியமே போடுறோம். நிமிருங்க, என் செல்லங்களா!"

மேடைப் பலகைக்குப் புதுக் கறுப்பு வர்ணம் அடித்திருந்தது. மேடைத் தொழிலாளி கிளாரி டூலன் அதைத் தொட்டு விரலைக் காட்டினார். "ஈரம் இன்னும் காயலைங்க. கொஞ்சம் பொறுங்க."

"நீயா ஆடப் போறே? விளக்கைப் போடு."

வேட்டைக்காரியாக ஆடியவள் க்ஸேனியா. மேடையின் குறுக்கே ஓடி வந்து தாவினாள். அவள் தாவினால் இறங்கவே மாட்டாள் என்று தோன்றும். இறங்கினாள். ஈர வர்ணத்தில் பாதம் ஒட்டி இழுத்தது. சாட்டை சொடுக்கியது போல ஒரு சத்தம்.

தரையில் உட்கார்ந்தபடி திரும்பிப் பார்த்தாள். "வேரா, யாருடி என்னைப் பின்னால உதைச்சது?"

பின்னால் யாரும் இல்லை. குதிகாலுக்கு மேலே தசைநார் அறுந்து, கெண்டைச் சதை மேலே சுருண்டு போயிருந்தது. நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அப்புறம்தான் அவள் அலறினாள்.

"எட்னா, அவ உடுப்பை நீ போட்டுக்கோ" என்றார் முதலாளி. இந்த நாட்டுப் பல்லாரட் ஊர்க்காரியான எட்னாவுக்கு விளம்பரத்தில் 'யெலேனா' என்று ரஷ்யப் பெயர். உடுப்பைக் கையில் வாங்கியவள் அப்படியே நின்றாள். "இன்னும் சூடா இருக்கு" என்றாள்.

ஆம்புலன்ஸ் போனதும் நான் கேட்டேன். "அடுத்த வாரம் நியூசிலாந்துக் கப்பல். க்ஸேனியா?"

"ஆடாதவளுக்கு எதுக்குக் கப்பல்?"

"அவளுக்கு இங்க யாரு இருக்கா? இங்கிலீஷ்ல தண்ணி கேட்கக்கூடத் தெரியாது. கூட்டிட்டுப் போகணும், வைத்தியமும் நீங்கதான் பார்க்கணும்."

"உன்னைத் தெருவிலேருந்து தூக்கி வந்தவன்கிட்ட பேசுற பேச்சா இது?"

"தெருவிலேருந்து இல்லைங்க. என் வாத்தியாரம்மா வீட்டிலேருந்து."

யாரோ சிரித்துவிட்டார்கள். அவர் முகம் சிவந்தது.

"பிடிக்காதவங்க போகலாம். எதிர்க் கொட்டகையில ஆளுக்கா பஞ்சம்? கண்ணைக் காட்டினா ஓடி வருவாங்க."

அது வெறும் மிரட்டல் இல்லை. அங்கே பாதிப் பேர் வேலை தராமல் உட்காரவைக்கப்பட்டிருந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியும். க்ஸேனியாவுக்கு ஒரு வழி சொல்லும்வரை ஆடுவதில்லை என்று எங்களுக்குள் பேசி முடித்ததும், நான் கோட்டை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்தேன். அவர்களுடைய பின்வாசலில் நீனா நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். பாரிஸில் ஒரே கம்பியைப் பிடித்துக் கற்றவர்கள் நாங்கள்.

"அடடே, மகாராணி! எங்க நடனத்தைத் திருடிட்டு, இப்போ டீயும் வேணுமா?"

"க்ஸேனியாவுக்குக் கால் போச்சு, நீனா."

கோப்பையைக் கீழே வைத்தாள். முழுவதும் சொன்னேன். அவள் பின்னால் இன்னும் சிலர் வந்து நின்றார்கள்.

"உங்க ஆளு இப்பத்தான் சொல்லி அனுப்பியிருக்கான்," என்றாள் நீனா. "மதியம் யார் வந்தாலும் வேலை தர்றேன்னு. இங்கே எங்களுக்கு வேலை நிச்சயமில்லை, தெரியுமில்ல?"

"தெரியும்."

கோப்பையை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். நான் திரும்பி வந்தேன்.

மதியம் முதல் மணி அடித்தது. நாங்கள் ஆட்ட உடுப்பு போடாமல், கோட்டோடு மேடையில் உட்கார்ந்திருந்தோம். எட்னா வேட்டைக்காரியின் உடுப்பை மடித்து மடியில் வைத்திருந்தாள். கிளாரியும் அவர் ஆட்களும் திரைக்கயிற்றை விட்டு விலகிக் கைகட்டி நின்றார்கள். "எங்க சங்கத்துல கேட்டுட்டேன்மா. நீங்க எழுந்திருக்காம திரையும் எழாது" என்றார். திரைக்கு அந்தப் பக்கம் கூட்டத்தின் இரைச்சல். போலீசைக் கூப்பிடுவேன், எல்லோரையும் இந்த ஊரிலேயே விட்டுப் போவேன் என்று முதலாளி கத்தினார். சின்னப் பெண்கள் சிலர் அழுதார்கள். ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை.

அப்போது பின்கதவு தட்டப்பட்டது. முதலாளியே ஓடிப் போய்த் திறந்தார். நீனா. அவள் பின்னால் எதிர்க் கொட்டகைப் பெண்கள், தோளில் செருப்புப் பையோடு.

"வாங்க, வாங்க!" அவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "நான் சொல்லலை?"

நீனா அவரைக் கடந்து மேடைக்கு வந்தாள். விளக்கு வெளிச்சத்தில் ஒரு கணம் எங்களையெல்லாம் பார்த்தாள். அவள் என்ன செய்யப் போகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு பையைத் தரையில் போட்டாள்.

"கொஞ்சம் தள்ளி உட்காரு, வேரா" என்றாள். "நாங்க நிறையப் பேர் வந்திருக்கோம்."