சுபாவின் காதில் விழக் கூடாது

"திரும்பிப் பாக்கல, பாத்தியா? இன்னொரு தபா திட்டு," என்றாள் தேவிப்ரியா.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது தமிழ்வேந்தனின் செல்போன் கடை. கடைக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள் மூன்றாம் வகுப்பு படிக்கும் சுபஸ்ரீ. காதில் இயர்பட்ஸ். கையில் அப்பாவின் போன். போனில் பாட்டு முழுச் சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் நின்ற அப்பா சரத்குமார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்கம்மா ஒரு சனியன் புடிச்சவ!" என்று மறுபடியும் கத்தினான். சந்தில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். குழந்தை திரும்பவில்லை.

"இப்ப நானு," என்று தேவிப்ரியா அவனைத் தள்ளிவிட்டு வந்தாள். "ஒங்கப்பன் ஒரு பொறுக்கி!"

அதற்கும் குழந்தை திரும்பவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அடடா, என்ன ஒற்றுமை! கல்யாண போட்டோவுக்குப் பிறகு அவர்கள் சேர்ந்து சிரித்ததை ஊரில் யாரும் பார்த்ததில்லை.

"இதையே குடுங்க. இதான் காதுல நல்லா குந்திக்கினு இருக்குது," என்றான் சரத்குமார்.

கடைக்காரனுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் மனசு கேட்காமல் சொன்னான். "பாப்பாவுக்கு ரொம்பச் சின்னக் காதுங்க. இருக்கறதுலயே சின்ன ரப்பரு போட்டுக் குடுத்துருக்கேன், வலிக்காது. ஆனா சவுண்ட கம்மியா வெச்சிக் கேக்கச் சொல்லுங்க. இவ்ளோ ஜாஸ்தியா வெச்சா காது இன்னாத்துக்கு ஆவும்?"

"கம்மியா வெச்சா எங்க சத்தம் உள்ள பூந்துடுங்களே," என்றாள் தேவிப்ரியா, அவனுக்கு எதுவுமே தெரியாதது போல.

சங்கதி இதுதான். கச்சிராயபாளையத்தில் இவர்களுக்கு வீடும், வாய்க்கால் ஓரமாகக் கொஞ்சம் கரும்பும் உண்டு. சரத்குமார் வெள்ளிமலைக்கு ஷேர் ஜீப் ஓட்டுகிறான். கரும்பை தேவிப்ரியா பார்த்துக்கொள்கிறாள். சோற்றுக்குக் குறைவில்லை. வாய்க்கும் குறைவில்லை. ஜீப் மலையை விட்டு இறங்கி வாசலில் நின்றால் போதும், ஆரம்பமாகிவிடும். குழம்பில் உப்பில் தொடங்கும், அவளுடைய அண்ணனுக்குப் போகும், மலையில் அவன் சிரித்துப் பேசிய எவளுக்கோ போகும், கடைசியில் பெற்ற பிள்ளையில் வந்து நிற்கும்.

"இந்தப் பொண்ணு மட்டும் இல்லன்னா உன் மூஞ்சில முழிப்பனாய்யா நானு?"

"அப்ப இட்டுக்கினு போயேன்! நானா புடிச்சி வெச்சிக்கினு இருக்கேன்?"

"நான் எதுக்கு இட்டுக்கினு போவணும்? உன் எச்சத்த நீயே வெச்சிக்க!"

வேண்டாத பூனைக்குட்டியை ஒரு வீட்டு வாசலிலிருந்து இன்னொரு வீட்டு வாசலுக்கு விடுவார்களே, அப்படித்தான். நடுவில் அந்தக் குழந்தை தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

ஒரு நாள் பக்கத்து வீட்டு லட்சுமியம்மாள் பொறுக்க முடியாமல் வந்து வாசலில் நின்றாள். "நீங்க ரெண்டு பேரும் வெட்டிக்கினு சாவுங்க, யாரு வேணாம்னா? அந்தப் பொம்பளப் புள்ள காதுல இதெல்லாம் வுழணுமா? நாளைக்கி அது எப்படி உருப்படும்?"

அந்த வார்த்தை இரண்டு பேருக்குமே சுருக்கென்று தைத்தது. பிள்ளை மேல் பாசம் இல்லாதவர்கள் இல்லை. அன்று முழுக்க யோசித்தார்கள். யோசித்து என்ன முடிவுக்கு வந்தார்கள்? சண்டையை விட்டுவிடலாம் என்றா? அதுதான் இல்லை. பிள்ளை காதில் விழாமல் செய்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள்! நல்லது செய்துவிட்ட நிம்மதியில் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார்கள்.

முதலில் வாங்கியது காதை விட்டு நழுவி நழுவி விழுந்தது. அடுத்தது வலிக்கிறது என்று குழந்தை அழுதது. ஆன்லைனில் வரவழைத்தது காதில் நின்றது, ஆனால் அம்மாவின் குரல் அதையும் மீறி உள்ளே போனது. எலிக்குஞ்சுக் காது என்று பிள்ளையைத் திட்டிக்கொண்டே தேடினார்கள். தமிழ்வேந்தன் கடையில்தான் பொருத்தமானது கிடைத்தது.

அதன் பிறகு அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டானது. ஜீப் சத்தம் கேட்டதும், "சுபா, மாட்டிக்க!" என்பாள் தேவிப்ரியா. அவள் மறந்தால் சரத்குமார் ஞாபகப்படுத்துவான். "இருடி, புள்ள மாட்டிக்கட்டும்," என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டு, பாட்டை முழுச் சத்தத்துக்கு ஏற்றி, அப்புறம்தான் முதல் கெட்ட வார்த்தையை எடுப்பான். என்ன பொறுப்பு பாருங்கள். பட்ஸ் நழுவினால் உடனே தெரிய வேண்டுமே என்று குழந்தையை எதிரிலேயே, விளக்கு வெளிச்சத்திலேயே உட்கார வைத்தார்கள். அவள் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

முன்பெல்லாம் குழந்தைக்குக் கேட்கிறதே என்று கொஞ்சம் அடக்கி வாசித்தவர்கள்தான். இப்போது அந்தத் தடையும் போனது. சொல்லக் கூடாததையெல்லாம் சொன்னார்கள். சண்டை முடிந்து சமைத்து, சாப்பிட்டு, தூங்கப் போகும்வரை பட்ஸைக் கழற்றச் சொல்ல இரண்டு பேருக்கும் நினைவு வராது. வராவிட்டால் என்ன, பிள்ளை தொந்தரவு செய்யாமல் இருக்கிறதே என்று விட்டுவிட்டார்கள்.

காதில் சீழ் வந்தது. தேவிப்ரியா எண்ணெய் காய்ச்சி ஊற்றி, பஞ்சால் துடைத்து, மறுபடியும் மாட்டிவிட்டாள். சீழ் வந்த காது வலிக்கிறது என்று சொன்ன பிள்ளையிடம், "கொஞ்ச நேரம் பல்ல கடிச்சிக்கினு இருடி, அப்பா இப்ப போயிடுவாரு," என்றாள்.

நான்காம் வகுப்பில் கதை மாறியது. கூப்பிட்டால் சுபா திரும்புவதில்லை. கடைக்குப் போகச் சொன்னால் நின்ற இடத்திலேயே நிற்பாள். "திமிரு! அப்படியே அப்பன் திமிரு!" என்று தேவிப்ரியா தென்னை விளக்குமாற்றால் அடித்தாள். பள்ளியில் டீச்சர் கேள்வி கேட்டபோது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். வெளியே முட்டி போட வைத்தார்கள். அந்தச் சேதி வந்த அன்று சரத்குமாரும் தன் பங்குக்கு பெல்ட்டைக் கழற்றினான். "இனிமே கூப்ட்டா திரும்புவியா? திரும்புவியா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தான். அவள் குனிந்துகொண்டிருந்ததால் அவன் என்ன கேட்டான் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. பதில் சொல்லாததற்கு இன்னும் நாலு விழுந்தது.

கடைசியில் லட்சுமியம்மாள்தான் வந்து, "அடிக்கிற கைய நிறுத்திட்டு டாக்டராண்ட காட்டுங்க. பின்னாடி நின்னு தட்ட போட்டேன், அது அசையவே இல்ல," என்று சொன்னாள்.

கள்ளக்குறிச்சியில் காது டாக்டரம்மா முகத்தில் மாஸ்க் போட்டிருந்தார். "உன் பேரு என்னம்மா?" என்று கேட்டார். சுபா பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

"கேக்குறாங்க இல்ல? வாய்ல இன்னா கொழுக்கட்டையா வெச்சிருக்க?" என்று தேவிப்ரியா அங்கேயே தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துத் தள்ளினார். மாஸ்க்கை இறக்கிவிட்டு, சத்தமே வராமல் உதட்டை மட்டும் அசைத்து அதே கேள்வியைக் கேட்டார்.

"சுபஸ்ரீ," என்றாள் குழந்தை உடனே. குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது.

டாக்டரம்மாவின் முகம் மாறியது. குழந்தையைச் சோதனை அறைக்கு அழைத்துப் போய் வெகு நேரம் கழித்து வந்தார். என்ன நடந்தது என்று கேட்டார். இயர்பட்ஸ் கதையை இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். சொல்லும்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"ரெண்டு காதுலயும் நரம்பு கெட்டுப் போச்சு," என்றார் டாக்டரம்மா. "போனது போனதுதான், திரும்ப வராது. மிஷின் வெச்சா ஓரளவுக்குக் கேக்கும். இவ்வளவு நாளா இந்தக் குழந்தை வாயைப் பார்த்துத்தான் எல்லாத்தையும் புரிஞ்சுக்குது. அதுகூடவா உங்களுக்குத் தெரியல?"

"ஐயோ என் கண்ணு!" என்று தேவிப்ரியா மாரில் அடித்துக்கொண்டாள். சரத்குமார் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "எங்க சண்ட அது காதுல வுழக் கூடாதுன்னுதாங்க டாக்டரு... ஒரு வார்த்தகூட வுழல. அது ஒண்ணுதாங்க மிச்சம்," என்றான்.

டாக்டரம்மா குழந்தையின் பக்கம் திரும்பினார். "பாப்பா, அப்பா அம்மா வீட்ல பேசறது உனக்குத் தெரியுமா?"

"மெதுவா பேசுனா தெரியாது," என்றாள் சுபா. "சண்ட போடும்போது நல்லா தெரியும். அப்ப தான் வாய பெருசா தொறந்து பேசுவாங்க."

சுபாவுக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். வீட்டில் கேட்டால் அடிப்பார்கள். இந்த அம்மா அடிக்கிற மாதிரி தெரியவில்லை. அதனால் கேட்டுவிட்டாள்.

"டாக்டர், கலைக்கிறதுன்னா இன்னா? 'வயித்துல இருக்கும்போதே இத கலைச்சிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்'னு அம்மா தெனமும் சொல்லுவாங்க. 'அப்பவே கலைச்சிருக்கலாம்டி'ன்னு அப்பாவும் சொல்லுவாரு. இதுல மட்டும் ரெண்டு பேரும் ஒண்ணா பேசுவாங்க. இத-ன்றது நான் தான், அது தெரியும். கலைக்கிறது மட்டும் தெரியல."

சரத்குமார் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். டாக்டரம்மா பெற்றவர்களைப் பார்த்து, "இந்தக் காதுக்குப் பொருத்தமா ஒண்ணு தேடறதுக்கு எத்தனை கடை ஏறி இறங்கினீங்க! உங்க வாயை மூடறதுக்கு ஒரு கடையும் ஏற வேண்டாமே," என்றார்.

தேவிப்ரியா தரையில் சரிந்து குழந்தையின் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். அழுதுகொண்டே புருஷனைப் பார்த்துச் சொன்னாள். "அடைக்க வேண்டியது நம்ம வாயய்யா. அத வுட்டுட்டு புள்ள காத அடைச்சிட்டோம். எந்தப் பெத்தவங்களும் இந்தப் பாவத்தப் பண்ணக் கூடாது."

குழந்தை அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. சொல்லி முடித்ததும், புரிந்தது என்று தலையை ஆட்டியது.