ஒன்பது சென்டிமீட்டர்

நாசகாரி என்றுதான் அந்த வகைப் போர்க்கப்பலுக்குப் பெயர். ஆனால் பத்து வருடங்களாக அது நாசம் செய்தது சுவரில் மாட்டிய காலண்டர்களை மட்டும்தான். கப்பல் இன்னும் கடலைப் பார்த்ததில்லை. வடிவமைப்பு அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் வரைபடமாகவும் கோப்பாகவும் கூட்டக் குறிப்பாகவும் கிடந்தது. மூன்று அமைச்சர்கள் அடுத்தடுத்து வந்து பார்த்து, பலமாகத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அதற்கு ஒரு பெயர்கூட வைத்தபாடில்லை.

அந்த அலுவலகத்தில் எடைப் பிரிவின் தலைவியை எல்லோரும் தராசு என்பார்கள். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள். கப்பலில் ஏறப்போகும் ஒவ்வொரு பொருளும், திருகாணியிலிருந்து இயந்திரம் வரை, எத்தனை கிலோ, எவ்வளவு உயரத்தில் உட்காரப்போகிறது என்று பார்ப்பது அவள் வேலை. மேலே கனம் கூடினால், அலையில் சாய்ந்த கப்பல் நிமிர்ந்து வர யோசிக்கும். அப்படி யோசிக்கிற கப்பலில் முந்நூறு பேரை ஏற்றி அனுப்ப முடியாது. அதனால் ஒரு எல்லைக்கோடு உண்டு. கப்பலின் ஈர்ப்பு மையம் அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்க வேண்டும். பத்தாவது வருடத்தின் அந்த மாதம் அது ஒன்பது சென்டிமீட்டர் மேலே நின்றது.

மாதக் கடைசிக்குள் எடைத்தாளில் கையெழுத்து விழாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவதாக மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. அதற்குப் பத்தொன்பது நாள்தான் பாக்கி.

அலுவலகத்தில் பேச்சை மாற்றிக்கொண்டு போய்விடலாம், வீட்டில் முடியாது. தராசு குடியிருந்தது அக்கா வீட்டு மாடியில். அத்தான் துறைமுகத்தை ஒட்டிய கப்பல் தளத்தில், தகடு வெட்டும் கூடத்தின் மேஸ்திரி. இந்தக் கப்பலுக்கென்றே நாற்பத்திரண்டு பேரைப் பொறுக்கி எடுத்துப் பழக்கியவர். வெட்டத் தகடு வராமல் வருடக்கணக்கில் கழிவு இரும்பை வெட்டிக் கை மறக்காமல் பார்த்துக்கொண்டார்கள். அலுத்துப்போய் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டது போக, இப்போது மிச்சம் இருபத்து நாலு பேர்.

"என்ன மச்சினி, உன் கப்பல் இன்னும் உடம்பு இளைக்கலையா?" சாப்பிட உட்காரும்போதெல்லாம் அத்தான் கேட்பார்.

"இளைக்கும் அத்தான்."

"எப்ப? நான் ரிட்டையர் ஆகிப் பல்லு போனப்புறமா?"

"சாப்பிடவிடுங்க அவளை," என்று அக்கா அதட்டுவாள். ஆனால் அவளும் ஓரக்கண்ணால் தங்கையைத்தான் பார்ப்பாள். திட்டம் மூடினால் கூடமும் மூடும். அத்தானை எங்கோ தொலைவில் இருக்கும் பழுதுபார்க்கும் தளத்துக்குத் தூக்கி அடித்துவிடுவார்கள் என்று தெரிந்துபோயிருந்தது.

தராசுக்கு ஒரு விஷயம் தெரியும். எட்டுப் பிரிவுகளுக்கும் தெரியும். ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்த அலுவலகத்தில் அதற்கு 'மடி' என்று பெயர். பத்து டன் வரும் என்று தெரிந்த பொருளுக்குப் பன்னிரண்டு என்று எழுதுவார்கள். நாளைக்கு ஏதாவது கூடினால் யார் காலிலும் விழ வேண்டாம் பாருங்கள், அதற்காக அந்த இரண்டை மடியில் கட்டிக்கொள்வார்கள். திருட்டு என்று யாரும் நினைப்பதில்லை. முன்ஜாக்கிரதை என்று நினைப்பார்கள். எட்டுப் பேரின் முன்ஜாக்கிரதையும் சேர்ந்து ஒரு கப்பலைக் கரையிலேயே மூழ்கடித்துக்கொண்டிருந்தது.

அவள் ஒவ்வொரு பிரிவாகப் படியேறி இறங்கினாள். எல்லோரும் கையை விரித்தார்கள்.

"எங்ககிட்ட ஒரு கிலோகூட இல்ல மேடம். வேணும்னா பீரோவைத் திறந்து பாருங்க," என்றார் கேபிள் பிரிவின் தலைவர். முடிச்சு என்பது அவருடைய பட்டப்பெயர். பீரோவில் கிலோவைத் தேடச் சொல்கிற மனிதரிடம் என்ன பேசுவது?

இவர்கள் வாயிலிருந்து வரவழைக்க முடியாது, நிறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள். கப்பலில் கட்டி முடித்த நிலையில் இருந்தது ஒன்றே ஒன்று: ரேடார் கம்பம். சோதனை செய்வதற்காக அதை மட்டும் முழு அளவில் கட்டி, தளத்துக்குப் பின்னால் வெட்டவெளியில் நிறுத்தியிருந்தார்கள். கப்பலிலேயே உச்சியில் உட்காரப்போகிற பொருள். காகிதத்தில் அதன் எடை அறுபத்தொரு டன். காகிதத்தில் இருக்கிறதே என்று யாரும் அதை நிறுத்துப் பார்த்ததில்லை.

சோதனைத் திடலின் பொறுப்பாளர் அனுமதிக்கு மூன்று வாரம் ஆகும் என்றார். தராசு அவர் அறையிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். முதல் நாள் மாலை வரை உட்கார்ந்தாள். மறுநாள் காலையில் அவர் வருவதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். மத்தியானம், இந்தப் பெண்மணி எழுந்துபோனால் போதும் என்று அவர் கையெழுத்துப் போட்டார். அத்தான் தளத்திலிருந்து பெரிய கிரேனையும், கொக்கியில் மாட்டுகிற தராசையும், ஓட்டுநரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

கம்பம் தரையிலிருந்து ஒரு சாண் எழும்பியது. கொக்கித் தராசில் சிவப்பு எண்கள் ஓடி நின்றன. நாற்பத்தொன்பதரை.

"இன்னொரு தடவை," என்றாள் தராசு.

மூன்று தடவை தூக்கினார்கள். மூன்று தடவையும் நாற்பத்தொன்பதரைதான். அத்தான் தலைக்கவசத்தைக் கழற்றி மேலே எறிந்து பிடித்தார். "பதினோரு டன்னுக்கு மேல பொய்! எவன்மா அறுபத்தொண்ணுன்னு எழுதினவன்? கண்டுபிடி. அவனைப் பார்த்து நான் நாலு கேள்வி கேக்கணும்."

அவளுக்கும் அந்த ஆளைப் பார்க்க வேண்டும் போல்தான் இருந்தது. அன்றைக்கே பதிவறைக்குப் போய்க் கம்பத்தின் பழைய கோப்புகளைக் கேட்டு வாங்கினாள். ஒவ்வொரு திருத்தமாகப் பின்னோக்கிப் புரட்டினாள். அறுபத்தொன்று, அறுபத்தொன்று, அறுபத்தொன்று. ஒருவர் எழுதியதை அடுத்தவர் அப்படியே இறக்கி வைத்திருந்தார். கடைசியில் ஒன்பது வருடத்துக்கு முந்தைய முதல் தாள் வந்தது. பென்சிலில் ஐம்பது என்று எழுதி, அதை அழித்து, மேலே மையில் அறுபத்தொன்று என்று எழுதியிருந்தது. ஒன்று என்ற எண்ணின் தலையில் சின்னக் கொக்கி. அந்தக் கொக்கியை அவள் இன்றைக்கும் போடுகிறாள்.

அந்தத் தாளை எழுதியபோது அவள் கம்பப் பிரிவில் சேர்ந்து நாலு மாதம். உள்ளபடி எழுதினால் கேலி செய்துவிடுவார்களோ என்று பயந்து, எல்லோரும் செய்ததைச் செய்திருந்தாள், அதுவும் மற்றவர்களைவிடத் தாராளமாக. பிறகு பிரிவு மாறினாள், பதவி உயர்ந்தாள், அந்த எண்ணை அடியோடு மறந்தாள்.

அது அவளை மறக்கவில்லை. உச்சியில் அறுபத்தொரு டன் நிற்கிறதே என்றுதான் ஐந்து வருடத்துக்கு முன்னால் கப்பலை நாற்பது சென்டிமீட்டர் அகலப்படுத்தினார்கள். அதற்காக எல்லா வரைபடங்களையும் முதலிலிருந்து போட்டார்கள். முழுசாக இரண்டு வருடம் போனது. கப்பல் அகலமானதும், பெரிய வீட்டைப் பார்த்த குடும்பம் ஆளுக்கொரு பீரோ வாங்குகிற மாதிரி, எட்டுப் பிரிவுகளும் மேலும் மேலும் ஏற்றின. தாமதம் ஏன் என்று பல கூட்டங்களில் விசாரித்தார்கள். அதில் பாதிக் கூட்டங்களில் விசாரித்தவளே அவள்தான்.

மறுநாள் காலையில் இயக்குநரிடம் கோப்பைக் கொண்டுபோய் வைத்து, எழுதியது தான்தான் என்று சொன்னாள். அவர் அந்த முதல் தாளை நெடுநேரம் பார்த்தார். பிறகு அதை உள்ளே தள்ளிக் கோப்பை மூடினார்.

"நிறுத்துப் பாத்தோம், கம்மியா இருந்துச்சு. அவ்வளவுதான். யார் எழுதினாங்கன்னு யாரும் கேக்கல."

"இதைத் திருத்தினா நாலு சென்டிமீட்டர்தான் சார் இறங்கும். இன்னும் அஞ்சு இருக்கு. அந்த அஞ்சு இவங்க மடியில இருக்கு."

"அவங்க தர மாட்டாங்க."

"முதல்ல யாராவது தரணும் சார்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "மடியில வச்சவங்க எடைத்தாள்ல கையெழுத்துப் போடக் கூடாது. விதி. ஒன்பது வருஷ வேலை, கடைசி நாள்ல வேற ஒருத்தர் பேர் வரும். யோசிச்சுத்தான் பேசறீங்களா?"

"நேத்தே யோசிச்சுட்டேன் சார்."

பொய்தான். நேற்று அவள் யோசிக்கவில்லை, அழுதுகொண்டிருந்தாள். ஆனால் அழுது முடித்தபோது முடிவும் எடுத்தாயிற்று.

பதினொரு மணிக்குக் கூட்டம். எட்டுப் பிரிவுத் தலைவர்களும், கடற்படையிலிருந்து வந்திருந்த கேப்டனும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தராசு எழுந்து முதல் தாளை நடுவில் வைத்தாள்.

"கம்பத்துல பதினோரு டன் மடி. வச்சது நான். இது என் கையெழுத்து. கப்பலை அகலப்படுத்தினது இதனாலதான்."

கேப்டன் தாளைத் தன் பக்கம் இழுத்தார். "அப்ப அந்த ரெண்டு வருஷம்?"

"என்னால போனது."

அவள் உட்காரவில்லை. "என்னைத் திட்டறதுக்கு நிறைய நாள் இருக்கு. கப்பலுக்கு இல்ல. இன்னும் அஞ்சு சென்டிமீட்டர் வேணும். இந்த அறையிலதான் இருக்கு. கிடைக்கிற வரைக்கும் நான் உட்காரப் போறதில்ல."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. குழாய்ப் பிரிவுக்காரர் தண்ணீர் குடித்தார். இன்னொரு தடவையும் குடித்தார். பத்து நிமிடம் ஓடியது. அவளுக்குக் கால் கடுத்தது. கடைசியில் முடிச்சு தொண்டையைக் கனைத்தார்.

"எங்ககிட்ட ஆறு டன் இருக்கலாம்."

"இருக்கலாமா, இருக்கா?"

"ஏழு," என்றார் முடிச்சு, தாடையைச் சொறிந்துகொண்டே. "மேல் தட்டுல."

அதற்குப் பிறகு அணை உடைந்தது. புகைபோக்கியில் ஐந்து. மேல்தளச் சுவர்களில் ஒன்பது. குழாய்க்காரர் மூன்று என்று ஆரம்பித்து, மற்றவர்கள் சொன்னதைக் கேட்டு வெட்கப்பட்டு எட்டுக்கு வந்தார். தராசு நின்றபடியே ஒவ்வொன்றையும் உயரத்தோடு குறித்துக்கொண்டாள். அன்றைக்கும் அடுத்த நாலு நாளும் சொன்னதையெல்லாம் சரிபார்த்தார்கள். மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது ஈர்ப்பு மையம் கோட்டுக்குக் கீழே போனது. ஆறே ஆறு மில்லிமீட்டர்தான். ஆனால் கீழே.

எடைத்தாளில் எடைப் பிரிவின் துணைத் தலைவரின் கையெழுத்து விழுந்தது. அதை அவளே அவர் முன்னால் கொண்டுபோய் வைத்து, போட வேண்டிய இடத்தைக் காட்டினாள். நெஞ்சு எரிந்தது. இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

அன்று சாயங்காலம் அத்தான் வாயெல்லாம் பல்லாக வந்தார். "அனுமதி வந்துடுச்சாமே! நாளைக்கு முதல் தகடு வெட்டறோம்!" அக்கா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். தராசு அந்தக் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, முதல் தாளைப் பற்றி எதையும் விடாமல் சொன்னாள்.

அத்தான் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. சாப்பாடு ஆறியது.

"பதினெட்டுப் பேர் போயிட்டாங்க," என்றார் கடைசியில். "அதுல முக்கால்வாசி அந்த ரெண்டு வருஷத்துல."

"தெரியும் அத்தான்."

"என்கிட்ட சொன்னாப் போதாது. நாளைக்குக் கூடத்துக்கு வா. மெஷினைப் போடறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட நீயே சொல்லு."

"ஏங்க, அவ ஏற்கெனவே..." என்று ஆரம்பித்தாள் அக்கா.

"வரேன் அத்தான்," என்றாள் தராசு.

காலை ஏழரைக்குத் தகடு வெட்டும் கூடத்தில் இருபத்து நாலு பேரும் நின்றார்கள். மேடையில் முதல் தகடு கழுவித் துடைத்த மாதிரி கிடந்தது. தராசு சுற்றி வளைக்கவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் தான் எழுதியதையும், அதனால் அவர்கள் காத்திருந்ததையும் அவர்களுக்குப் புரிகிற வார்த்தைகளில் சொல்லி முடித்தாள்.

முன்வரிசையில் நின்ற வெட்டுக்காரி கையுறையை இடுப்பில் செருகியிருந்தாள். அவளும் அவள் தம்பியும் ஒரே நாளில் இந்தக் கூடத்தில் சேர்ந்தவர்கள். காத்திருந்து காத்திருந்து அலுத்து, தம்பி கடல் கடந்து வேறு தளத்துக்குப் போய் நாலு வருடமாகிறது. அதற்கப்புறம் வீட்டுக்கு ஒரு தடவைகூட வரவில்லை.

"அப்ப என் தம்பி போனது சும்மாவா மேடம்?"

அத்தான் தரையைப் பார்த்தார். பதில் சொல்ல எத்தனையோ வழி இருந்தது. அமைச்சர்கள் மாறியதைச் சொல்லலாம், எட்டுப் பிரிவுகளைச் சொல்லலாம்.

"ஆமாம்மா," என்றாள் தராசு. "சும்மாதான்."

வெட்டுக்காரி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் பார்வையை எடுக்கவில்லை. பிறகு இடுப்பிலிருந்து கையுறையை உருவி, ஒவ்வொரு விரலாக இழுத்து மாட்டினாள்.

"வரைபடத்தைக் கொடுங்க," என்றாள். "மணியாகுது."